தனியறையில் பெர்னடெற் அக்கா

பெர்னடெற் அக்கா கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறார். கை கழுவாமல் நோயாளியிடம் போகிற எவரையும் அவர் விடுவதில்லை. ஒருமுறை பெரிய டொக்டரையே வாசலில் மறித்துக் கை கழுவும் தொட்டியைக் காட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே போய்க் கழுவினார்.

போன மாசியில் பக்கத்துப் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து சிவானந்தன் என்ற எழுபத்துநாலு வயதுக்காரர் வந்தார். சிறுநீர் போகப் போட்டிருந்த சலக்குழாய் வழியாக ஏறிய கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. வழக்கமான அன்ரிபயோட்டிக் எதற்கும் அது அடங்கவில்லை. மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்க அவரைத் தனியறையில் வைத்தார்கள். கையுறையும் ஏப்ரனும் இல்லாமல் எவரும் உள்ளே போவதில்லை.

மூன்று நாளாக அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. போனில் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் வாய் திறக்கவில்லை. கட்டில் கம்பியைத் துடைத்தபடி அக்கா கேட்டார்:

"ஏன் ஐயா சாப்பிடேல்லை?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "நீ தமிழே பிள்ளை?" கண்ணாடிக் கதவைக் காட்டி, "என்னை அடைச்சு வைச்சிருக்கினம். மகளும் கிட்ட வாறாளில்லை. சாகட்டும் எண்டு விட்டிட்டினம்" என்றார்.

"ஆர் சொன்னது? உங்களில ஒரு பிழையுமில்லை. அந்தக் கிருமி வழமையான மருந்துக்குக் கேக்குதில்லை. அதுதான் வேற மருந்து ஏத்தீனம். நீங்கள் சாப்பிட்டாத்தானே உடம்பு தாங்கும்?"

அவர் அழுதார். அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

வெளியே வந்ததும் நர்சிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகள் மிதுஷா தன் கைக்குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். கையுறையும் ஏப்ரனும் போட்டு அப்பாவின் கையைப் பிடிக்கலாம், பிறகு சோப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும் என்று நர்ஸ் விளக்கினார். அன்றே மிதுஷா உள்ளே போய் அப்பாவுக்குச் சூப் பருக்கினாள்.

புதிய மருந்து ஏற்றி ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பதினேழாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். கிருமி இன்னும் குடலில் தங்கியிருக்கலாம், அடுத்தமுறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் காட்டுங்கள் என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள்.

"வீட்டை ஒருக்கா வா பிள்ளை."

"ஓம் ஐயா, ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை. வாறன்."

சொன்னபடியே போனார். நண்டுக்கறி வைத்திருந்தார்கள். கதைத்துக்கொண்டிருந்ததில் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டார்.