பழுதென்று நான் சொன்ன ஏசி

ஏப்ரல் தொடக்கத்தில் என் மைத்துனி தொலைபேசியில் கூப்பிட்டாள். என் மனைவியின் தங்கை. கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். இங்கே பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்தில் மகனோடு இருக்கிறாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி போனபின் என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"மாமா, எனக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டாங்க. மத்த நாள் பையன் கூட்டிட்டுப் போறான். செவ்வாய்க்கிழமை மட்டும் அவனுக்கு ஷிப்டு. ஆட்டோல போனா இந்த வெயில் தாங்கல."

"நான் வரேம்மா. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"உங்க வண்டில ஏசி இல்லன்னு தெரியும். பரவால்ல. அதுக்காக நீங்க கடை கடையா அலைஞ்சீங்கன்னு அக்கா சொல்லிருக்கா. சாஞ்சு உட்கார ஒரு சீட்டு இருந்தா போதும்."

நான் எந்தக் கடைக்கும் அலைந்ததில்லை. போன வருடக் கோடையில், என் மனைவி ஏசி போடச் சொன்ன நாளில், அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

இதை விளக்க வேண்டுமென்றால் எங்கள் தலைமுறையின் ஒரு கர்வத்தைச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு பெங்களூரின் காற்று சொந்தச் சொத்து மாதிரி. மின்விசிறியே இல்லாமல் வளர்ந்த வீடுகள் எங்களுடையவை. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசியில் போகிறவர்களைப் பார்த்தால், வேலைக்காக வந்து இறங்கியவர்கள், ஊரைத் தெரியாதவர்கள் என்று சிரிப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் நின்று பேசும்போதுகூட, "நான் இந்த வண்டி வாங்கி இதுவரைக்கும் ஏசி போட்டதில்லை" என்று சொல்வது ஒரு பெருமை. நான் அதை அடிக்கடி சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் பனியைப் போக்க மட்டும் எப்போதாவது போடுவேன். அதைச் சொல்வதில்லை.

ஊர் மாறிவிட்டது. மரங்கள் போய், மேம்பாலத்தின் அடியில் வண்டிகள் புகையோடு நிற்கிற ஊராகிவிட்டது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் சபை வாசலில் சொன்ன வார்த்தையை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

என் மனைவிக்கு இதயம் பலவீனமாகி, மூச்சு வாங்க ஆரம்பித்த கோடை அது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஒரு சிக்னலில், "ஏசி போடுங்களேன், மூச்சு முட்டுது" என்றாள். நான் யோசிக்கக்கூட இல்லை. "அது ரிப்பேர்" என்றேன். வாயில் வந்துவிட்டது. பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற, கடையில் காட்டினேன், பாகம் கிடைக்கவில்லையாம், வேறொரு கடையில் கேட்டிருக்கிறேன் என்று கூட்டிக்கொண்டே போனேன். அவள் நம்பினாள். மறுபடி கேட்கவில்லை. மடியில் ஈரத்துண்டு வைத்துக்கொண்டு வந்தாள். மழை வருவதற்குமுன் போய்விட்டாள்.

மைத்துனியிடம் பேசி முடித்ததும் வண்டிக்குப் போனேன். இஞ்சினைக் கிளப்பி, ஏசி பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. காற்றும் வேகமாக வந்தது. ஆனால் வெளியே இருந்த அதே வெக்கைதான் உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மாறவில்லை.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பழுதை எங்கே தொடங்கித் தேட வேண்டும் என்பது தெரியும். டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஹார்னின் ரிலேவை எடுத்து ஏசியின் ரிலே இருந்த இடத்தில் மாட்டிப் பார்த்தேன்; பயனில்லை. முன்பக்க வலையில் அடைத்திருந்த சருகுகளைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பானெட்டைத் திறந்து வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஏசி போட்டதும் கம்ப்ரசரின் கிளட்ச் 'டிக்' என்று ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லை.

வண்டிக்குள் திரும்பி உட்கார்ந்தபோதுதான் இடப்பக்கத்தில் காற்று வரும் கட்டத்தைக் கவனித்தேன். அதன் தகடுகள் மேல்நோக்கி, இருக்கையில் உட்கார்ந்தவரின் முகத்துக்கு நேராகத் திருப்பியிருந்தன. நான் அதைத் தொட்டதே இல்லை. என் மனைவிக்குப் பிறகு அந்த இருக்கையில் யாரும் உட்காரவும் இல்லை.

மறுநாள் ஏசி வேலை மட்டும் செய்கிற ஒரு கடைக்குப் போனேன். மெக்கானிக்குக்குக் குழாய்களை மாட்டிக்கொண்டே பேசும் பழக்கம்.

"எப்போலேர்ந்து சார் கூலிங் இல்ல?"

"ஒரு வருஷமா" என்றேன். அது நான் சொன்ன பொய்யின் வயது.

அளவு காட்டும் கருவியின் முள் ஏறவே இல்லை. "கேஸே இல்ல சார், காலி" என்றார். பிறகு நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். கம்ப்ரசரின் தண்டு வெளியே வரும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பின.

"பாருங்க, சீல் காஞ்சுபோச்சு. ஏசி ஓடினாத்தான் கேஸோட சேர்ந்து ஆயில் சுத்தும், சீல் ஈரமா இருக்கும். நீங்க போடவே இல்ல, கரெக்டா?"

"ஆமாம். ஒரு வருஷமா தொடவே இல்ல."

"இந்த ஏரியா பெரியவங்க வண்டி எல்லாம் இதே கதைதான். ஏசிய ஷோகேஸ்ல வச்ச மாதிரி வச்சிருப்பீங்க. அப்புறம் அமெரிக்காலேர்ந்து பேரப்புள்ளைங்க வராங்கன்னா இங்க ஓடி வருவீங்க. உங்களுக்கு யார் சார் வராங்க?"

"யாரும் வரல. மைத்துனிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அவர் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. சீலை மாற்றி, கேஸ் நிரப்பிக் கொடுத்தார். "டிசம்பரா இருந்தாலும் வாரம் ஒரு தடவை கொஞ்ச நேரம் ஓட விடுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒக்கலிபுரம் போனேன். மைத்துனி படியிறங்கி வந்து, முன்னால், இடப்பக்கம் உட்கார்ந்தாள். முகத்தில் காற்றுப் பட்டதும் சிரித்துவிட்டாள்.

"அட, சில்லுனு வருதே மாமா! எப்ப சரியாச்சு?"

"இந்த வாரம்தான்."

"அக்கா இருக்கும்போதே ஆகியிருக்கக் கூடாதா. பாவம், நீங்களும்தான் எவ்வளவு அலைஞ்சீங்க."

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் வருவாள், செவ்வாய்தோறும் என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவாள். அதை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து அவள் என்னைப் பாவம் என்றது தாங்கவில்லை.

"அது அப்ப ரிப்பேரே இல்லம்மா" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். "என்ன சொல்றீங்க?"

"நல்லாத்தான் ஓடிச்சு. எனக்குப் போட மனசில்ல. ரிப்பேர்னு பொய் சொன்னேன்."

"அவ கேட்டாளா?"

"கேட்டா."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவை. ரிப்பேர்னதும் அப்புறம் கேட்கல."

"கடை கடையா அலைஞ்சீங்கன்னு என்கிட்ட சொன்னாளே."

"அதையும் நான்தான் அவகிட்ட சொன்னேன்."

சிக்னலில் வண்டிகள் நின்றிருந்தன. முன்னால் ஒரு லாரி புகை கக்கிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுதாக இறக்கினாள். வெயிலும் புகையும் உள்ளே வந்தன. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஏசியை நிறுத்தவில்லை.

வாசலில் இறங்கியதும், "நீங்க போங்க மாமா. பையன் வந்து கூட்டிட்டுப் போவான்" என்றாள். அவனுக்கு ஷிப்டு என்பது இருவருக்கும் தெரியும். சரி என்றேன்.

இடப்பக்கக் கண்ணாடியை என் பக்கத்திலிருந்தே ஏற்றலாம், பொத்தான் இருக்கிறது. வீடு வரும்வரை அப்படியே விட்டேன்.

இப்போது மழைக்காலம். மெக்கானிக் சொன்னபடி வாரம் ஒரு தடவை ஏசியை ஓட விடுகிறேன். அதற்குச் செவ்வாய்க்கிழமைக் காலையை வைத்துக்கொண்டேன். வண்டியைக் கிளப்பி, உள்ளே குளிர்ந்ததும் அவளைக் கூப்பிடுவேன்.

"வண்டி ரெடிம்மா. வரட்டுமா?"

"வேணாம் மாமா. ஆட்டோ சொல்லிட்டேன்."

இவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பதில்லை. ஆனால் போனை எடுக்கிறாள், மாமா என்கிறாள். பிறகு நான் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இடப்பக்கத் தகடுகளை நான் இன்னும் திருப்பவில்லை. காற்று அந்த இருக்கையின் தலைப்பக்கம்தான் போய்ப் படுகிறது.