மனைவியின் லேப்டாப்பில் நான் செய்த வேலை

திருமணமான புதிதில், அஸ்தினாபுரம் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் லேப்டாப்பில் விண்டோஸுடன் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் சேர்த்துப் போட உட்கார்ந்தேன். அவளிடம் கேட்கவில்லை, அசத்த நினைத்தேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று திரையில் கேட்டதற்கு, சரியாகப் படிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிட்டேன். விண்டோஸோடு அவளுடைய எம்.ஃபில். ஆய்வேடும் போய்விட்டது.

அவளுக்குத் தெரியாமல் தாம்பரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினேன். கடை நடத்திய அக்காவிடம், "என் ஒய்ஃபோடதுங்க. தானா போயிடுச்சு" என்றேன்.

அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "தானா போனா லினக்ஸ் எப்படி சார் உள்ள வந்துச்சு? எந்த ஃபைல் முக்கியம்னு அவங்களுக்குத்தான் தெரியும். போன் போட்டு உண்மையைச் சொல்லுங்க."

அங்கிருந்தே அவளை அழைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணாவது சேப்டர் மட்டும் எடுக்கச் சொல்லுங்க. மத்தது பென் டிரைவ்ல இருக்கு" என்றாள். பிறகு, "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூட உட்கார்ந்திருப்பேன்ல?" என்றாள்.

மூன்றாம் நாள் அந்த அத்தியாயம் மீண்டு வந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வீட்டில் நாங்களே புதிதாகப் போட்டோம். ஒவ்வொரு வரியையும் அவள் உரக்கப் படிக்க, அவள் தலையாட்டிய பிறகே நான் அழுத்தினேன். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன்.