ஹஃபீலாவின் இளைய பெட்டி

லுஹர் தொழுது, சோறு தின்று, குறிஞ்சிப்பிட்டி முழுவதும் கண்ணயரும் நேரத்தில் ஹஃபீலா மட்டும் படுப்பதில்லை. அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, அதன் பச்சை வெளிச்சம் சிமிட்டுவதை அண்ணாந்து பார்த்தபடி பாக்குச் சீவுகிறாள். ஒரு பாண் ரொட்டி அளவுதான் பெட்டி. உள்ளே ஏதோ சுழல்கிற மெல்லிய இரைச்சல், தூரத்தில் கடல் கிடக்கிற மாதிரிக் கேட்கும். யாராவது வந்து என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், கண்ணை எடுக்காமலே, “புள்ளைகள் குருநாகலுக்குப் போகுதுகள்” என்பாள்.

புள்ளைகள் என்று அவள் சொல்வது மணப்பெண்களை. இந்தக் கரையில் நடந்த கலியாணங்களின் பெண்கள் பக்கப் படங்கள் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தைப் படம் எடுக்க ஆள் மலிவு. மணப்பெண்ணின் அறைக்குள், முக்காடுகள் இறங்கிய பிறகு, கெமராவோடு நுழைய ஹஃபீலாவை விட்டால் ஆளில்லை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள். குவைத்தில் சட்டி கழுவப் போன வீட்டில் எஜமானியின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது கெமரா பிடிக்கப் பழகி, சம்பளத்தில் ஒரு கெமராவும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். “கற்பிட்டில கலியாணம் முடிச்சவள்ள என்ட கெமராக்குள்ள வராத ஒருத்திய காட்டுங்க பாப்பம்” என்று பெருமையடிப்பாள். காட்ட ஆளில்லாததால் யாரும் வாய் திறப்பதில்லை. சொந்தக் கையால் எழும்பியவர்கள் கொஞ்சம் பெருமையடித்தால் குற்றமா என்ன?

விருந்து வீட்டில் ஒரு பிடி சாப்பிட மாட்டாள். நெய்க்கை கெமராவுக்கு ஆகாது. அறைக்குள் போகுமுன் மோதிரத்தால் கதவு நிலையில் தட்டுவாள். மூட வேண்டியவர்கள் மூடிக்கொள்வார்கள். பிறகு மணப்பெண்ணின் தாடையைப் பிடித்து, எல்லாருக்கும் சொல்கிற அதே வாக்கைச் சொல்வாள்: “இது என்ட பொறுப்பு மகள். ஆம்புளக் கண்ணுல படாது.” அந்த வாக்குக்காகத்தான் கதவுகள் திறந்தன.

பிறகு ஒரு மாரியில் வெள்ளம் வந்தது. களப்புத் தண்ணீருக்குக் கதவு தட்டுகிற பழக்கம் இல்லை. நகையை விட்டாள், கோழிகளை விட்டாள். பெட்டியைச் சீலையில் சுற்றித் தலையில் வைத்து, மகள் பஹ்மா கம்பூன்றி முன்னால் போக, இடுப்பளவு தண்ணீரில் பாடசாலை மாடிக்கு நடந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு மர்ளியா என்ற பெண் வந்தாள். அவளுடைய உம்மா மௌத்தாகி, அடக்கி வருடங்கள் ஆகின்றன. அவளிடம் இருந்த கலியாண வீடியோத் தட்டு சேற்றோடு போய்விட்டது. ஹஃபீலா பெட்டியிலிருந்து தேடி எடுத்துத் திரையில் போட்டாள். மணவறை மூலையில், முக்காடு நழுவியது தெரியாமல், அந்த உம்மா எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மர்ளியா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அவள் போன பிறகுதான் ஹஃபீலாவுக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பு துனியாவில் வேறெங்கும் இல்லை. தலையிலிருந்து ஒருதரம் பெட்டி வழுக்கியிருந்தால் எத்தனை உம்மாமார் போயிருப்பார்கள்?

சிலாபத்திலிருந்து கணினி வேலை செய்யும் டிலக்‌ஷனைக் கூப்பிட்டாள். இதே மாதிரி இன்னொரு பெட்டியைத் தூரத்து ஊரில் வைக்கவேண்டும், இங்கே சேர்வதெல்லாம் தானாகவே அங்கேயும் போய்ச் சேரும், இது போனாலும் அது இருக்கும் என்றான் அவன். நுரைச்சோலையில் தம்பி வீடு இருக்கிறதே என்றாள்.

“ராத்தா, வெள்ளத்துக்கு அந்த வீடும் இந்த வீடும் ஒரே வீடுதான்.”

குருநாகல் என்று முடிவாயிற்று. அங்கே நிலானி இருந்தாள். யுத்தத்தில் வன்னியிலிருந்து கைக்குழந்தையாக வந்து இந்தக் கரையில் வளர்ந்து, மணப்பெண்களை உடுத்திவிடுவதையே தொழிலாக்கிக்கொண்டவள். இப்போது குருநாகலில் சலூன் வைத்திருக்கிறாள்.

வேலை தொடங்கிய அன்று டிலக்‌ஷனின் கதிரையை ஹஃபீலா சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். திரையை அவள் பார்ப்பாள். தெரிகிற ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகச் சொல்வாள். அவன் சுவரைப் பார்த்தபடி எதை அழுத்துவதென்று சொல்லவேண்டும். அரை நாள் வேலை கிழமைக்கணக்கில் இழுத்தது. எதிலிருந்து எதற்கு என்ற இடம் வந்தபோது மட்டும் அவன் குரல் இறுகியது. “நிதானமா வாசிங்க ராத்தா. திசை மாறிச்செண்டா, வெறும் பெட்டி வந்து நிறைஞ்ச பெட்டிய வெறுமையாக்கிப் போடும்.” அவள் பிஸ்மி சொல்லி, கண்ணை மூடாமல் அழுத்தினாள். இங்கே ஒன்றை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும் என்று அவன் எச்சரித்ததற்குச் சந்தோஷப்பட்டாள். கலியாணம் முறிந்து, படத்தை அழிக்கச் சொல்லி அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு.

புதிதாக வாங்கிய இளைய பெட்டிக்கு ஒரு பூட்டும் போட வைத்தான். இரகசியச் சொல் இல்லாமல் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் மணல் அள்ளிப் போட்ட மாதிரித்தான் தெரியும். சொல்லை அவனுக்கும் கேட்காமல் அவளே போட்டாள். அப்போதுதான் அவன் சுவரைப் பார்த்துக் கேட்டான்: “தண்ணி உங்களையும் கொண்டு போனா?”

ஹஃபீலா பாக்குவெட்டியை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.

“இன்னொராளுக்கும் அந்தச் சொல்லு தெரியோணும் ராத்தா. இல்லாட்டி அங்க இருக்கிறதும் மணல்தான்.”

“வாக்குக் குடுத்தது நான். இன்னொராள் இல்ல” என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

இருக்கிற அத்தனையையும் இணையக் கம்பி வழியாக அனுப்பினால் காலம் போதாது. அதனால் இரண்டு பெட்டியையும் வீட்டிலேயே பக்கத்தில் வைத்து, மூத்தது இளையதுக்கு ஊட்டி முடிய, இளையதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். இனிமேல் புதிதாகச் சேர்வது மட்டும் கம்பியில் போனால் போதும். பாலாவியில் பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நடத்துனர், “என்ன ராத்தா, கலியாணச் சாப்பாடா?” என்றான். “ஓம். எல்லாக் கலியாணமும்” என்றாள். உப்பு வாய்க்கால்கள் வெயிலில் வெள்ளையாக விரிந்து கிடந்தன. கண் செருகியது. வாய்க்கால் வரம்புகளில் மணப்பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். ஒருத்தியின் பாதமும் நனையவில்லை. அவர்களுக்குப் பின்னால் உம்மாமார், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, உப்பில் சுவடே விழாமல் வந்தார்கள். கரையில் ஆண் ஒருவனும் நிற்கவில்லை. மடி சூடாக இருந்தது, ஒருத்தி தலைவைத்துப் படுத்திருப்பதைப்போல.

சலூனில், முகத்தில் பூச்சோடு கண்மூடிச் சாய்ந்திருந்த பெண்களுக்குப் பின்னால், ஒரு சின்ன அறையில் பெட்டியை வைத்தார்கள். டிலக்‌ஷன் தொலைபேசியில் இருந்தான். வீட்டில் பஹ்மா மூத்த பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினாள். வெள்ளம் வந்து அது போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள், இளையதை மட்டும் வைத்துத் திறந்து பாருங்கள் என்றான் அவன். திரை இரகசியச் சொல்லைக் கேட்டது.

“நான் அங்கால போறன் ராத்தா. நீங்கள் அடியுங்கோ” என்று நிலானி திரும்பினாள்.

ஹஃபீலாவின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. அந்த அறைகளில் எல்லாம் இவளும் நின்றவள்தானே. வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு அந்தப் பெண்களுக்கு முக்காடு குத்தியவள், அழுது கரைந்த கண்மையைத் துடைத்துத் திரும்பத் தீட்டியவள். எந்த வீட்டுக் கதையும் இவள் வாயால் வெளியே வந்ததில்லை.

“நில்லு.”

நிலானியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் இருத்தினாள். தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள். நிலானியின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முக்காட்டு நுனியால் வாயை மறைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொல்லக் குனிந்தாள்.