இருபது நிமிட இருட்டு

வியர்வையில் கறுத்துப்போன ஒரு தேங்காய் நார்க் கயிறு. மாமாவை நினைத்தால் முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது. மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சில்வர் ஓக் மரங்களில் ஏறுவார். காப்பிச் செடிக்கு வெயில் விழ வேண்டுமென்றால் மேலே நிழல் கிளைகளைக் கழிக்க வேண்டும். மலைமேல் வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்களில் அதற்கு அவரைத்தான் தேடுவார்கள். மற்றவர்கள் பொழுதோடு இறங்கிவிடுவார்கள். இவர் உச்சிக் கவட்டில் உட்கார்ந்திருப்பார். முதல் நட்சத்திரம் கண்ணில் பட்டதும், சொந்தக்காரர் யாரோ பஸ்ஸில் வந்து இறங்கினதுபோல, "வந்திருச்சு!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் கீழே வருவார். "ஏனுங்க, அதா வந்து உங்களுக்குச் சோறாக்கிப் போடுது?" என்று அக்கா திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டுவார்.

நாங்கள் இருந்த எஸ்டேட்டின் மேல்பாதியை விற்றார்கள். மரங்கள் போயின, ரிசார்ட் வந்தது. மரமே இல்லாத இடத்தில் மரம் ஏறுகிறவருக்கு என்ன வேலை? காக்கிச் சட்டை கொடுத்து வாட்ச்மேன் ஆக்கினார்கள். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்றையும் அவருக்கு விட்டுவைத்தார்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு. எனக்கு ரிசப்ஷனில் வேலை. 'நட்சத்திரங்களோடு ஓர் இரவு' என்று பளபளப்பாக நோட்டீஸ் அச்சடித்தார்கள். அச்சடித்த கையோடு மலை விளிம்பில் வரிசையாக ராட்சச விளக்குகளையும் நட்டார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டின கதைதான். அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் என்ன, நிலாவே கூசி ஒதுங்கும்.

ஒரு தை மாதச் சனிக்கிழமை, ஏழு மணி இருக்கும். பனி இல்லாமல் துடைத்து வைத்த வானம். தங்கியிருந்தவர்கள் நாலைந்து பேர் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைமுன் நின்றார்கள். எங்கே நட்சத்திரம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேனேஜர் சேலம் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. அவர்கள் குரல் உயர்ந்துகொண்டே போனது. மாமாவுக்குப் போன் போட்டு, கொஞ்ச நேரம் விளக்குகளை அணைக்கச் சொன்னேன்.

"மேனேஜர்கிட்டக் கேட்டியா கண்ணு?"

"கேட்டுட்டேன் மாமா."

பொய். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

விளக்குகள் அணைந்தன. நானும் வெளியே வந்து பார்த்தேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேலேயே நின்றது. கூச்சல் போட்டவர்கள் நோட்டீஸை மடக்கிவிட்டு அண்ணாந்து நின்றார்கள். மாமா மட்டும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல அங்கேயும் இங்கேயும் ஓடி, "நொம்ப நாளாச்சுங்க, இப்படிப் பாத்து" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம். அதற்குள் ஒருவர், வானத்தைப் பார்த்தவரும் அல்ல, போனில் வீடியோ பார்த்துக்கொண்டே படியிறங்கியவர், தவறி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார், யார் அணைக்கச் சொன்னது என்று. மாமா என்னைப் பார்த்தார். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை; நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக் காத்திருந்த பார்வை. நான் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க, நானாத்தான் அணைச்சேன்" என்றார் மாமா.

மேனேஜர் அதையே ஒரு தாளில் டைப் அடித்து, சாட்சி என்று போட்ட இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அந்த வாரமே மாமாவும் அக்காவும் லைன் வீட்டைக் காலி செய்தார்கள். அக்காவின் பாத்திரங்கள் ஜீப்பில் ஏறியபோது நான் ரிசப்ஷனில் யாருக்கோ சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேனேஜரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. போனில் முகத்தைப் புதைத்து நடந்த அந்த ஆளை நினைத்தாலும் எரிகிறது. உண்மையைச் சொல்லட்டுமே, மாமாமேலும் எனக்குக் கோபம்தான். இவள்தான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இவ்வளவு பெரிய மனதை யார் கேட்டது? வேலையும் வீடும் போனவர் நிம்மதியாக இருக்கிறார். எல்லாம் தப்பிய எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாமல் இருப்பதுதான் நியாயம். கையெழுத்துப் போட்ட கை என்னுடையது.

மாமா இப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வாட்ச்மேன். போன வாரம் ஒரு சாயங்காலம் அக்காவுக்குத் தெரியாமல் போன் பண்ணினார்.

"நல்லாருக்கியா கண்ணு? அங்க வானம் தெளிஞ்சிருக்கா? இங்க ஒண்ணுமே தெரியறதில்ல சாமி. மொட்டை மாடியேறி மலைப் பக்கம் பாத்தா உச்சியில ஒண்ணே ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு நிக்கும். நாலு நாளா என்ன நட்சத்திரம்னு ரோசனை பண்ணிட்டிருந்தேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, நம்ம ரிசார்ட்டு லைட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடையில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

மணி ஆறரை ஆகியிருந்தது. அவர் போனபிறகு அந்த விளக்குகளைப் போடுவதும் என் வேலைதான். எழுந்து போய்ப் போட்டேன்.