சோலையம்மாளின் புதுத்தோல்

கொடைக்கானல் மலைமேல் போளூரில் யாருக்குப் படர்தாமரை வந்தாலும் அன்னக்கொடி வீட்டுக்குத்தான் வருவார்கள். பூண்டை நசுக்கி, வெண்ணெயில் குழைத்து, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்துவிடுவாள். நாலைந்து நாளில் மேல்தோல் உரிந்து புதுத்தோல் வரும். வெறும் பூண்டை வைக்கக் கூடாது, வைத்ததை மறக்கக் கூடாது. அது அவள் கைக்குத் தெரிந்த விஷயம். வாய்விட்டு யாருக்கும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மகளுக்கும் சொல்லவில்லை.

மகள் சோலையம்மாளுக்குப் பதினைந்து வயது. அறுபத்திரண்டாம் வருஷம் பங்குனி உத்திரத்துக்கு, குதிரையில் பூண்டு ஏற்றிக்கொண்டு மூன்று பேருமாகப் பழனிக்கு இறங்கினார்கள். பூண்டு நல்ல விலைக்குப் போனது. அந்தச் சந்தோஷத்தில் அன்னக்கொடியின் புருஷன் செல்லப்பாண்டி, சாமி கும்பிட்ட கையோடு இரண்டு பேரையும் சினிமாக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். சோலைக்கு அதுதான் முதல் படம். காய்ச்சின பால் நிறத்தில் ஒரு பெண், சோலை வயசுதான் இருக்கும், தோட்டத்தில் ஓடினாள், பாடினாள். அவள் ஓடுகிற பக்கமெல்லாம் ஒருவன் பின்னாலேயே வந்தான்.

மலையேறி வந்ததிலிருந்து சோலை ஒரு மாதிரியாகிவிட்டாள். ஓடைக்குப் போனால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். காட்டு வேலைக்குக் கூப்பிட்டால் தலைத்துணியை மூக்குவரை இழுத்துக் கட்டினாள்.

"மகாராணிக்கு வெயிலு ஆகாதாக்கும்" என்றாள் அன்னக்கொடி.

"நீ என்னயச் செவப்பாப் பெத்திருந்தா நான் ஏன் மூடப்போறேன்?"

"உங்கய்யனைக் கேளு. அவருதான் பொண்ணு பாக்க வந்தப்போ கண்ணை மூடிக்கிட்டு வந்தாரு."

செல்லப்பாண்டி சிரித்தான். அன்னக்கொடியும் சிரித்தாள். வயசுப் பிள்ளைக்கு வருகிற கிறுக்கு, விதைப்பு வந்தால் தானே தெளியும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் வயிற்றுவலி என்று சோலை வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். உச்சிப் பொழுதில் சோற்றுக்கு வந்த அன்னக்கொடிக்கு வாசலிலேயே நெடி அடித்தது. உள்ளே மகள் முகம் முழுக்கப் பூண்டை அரைத்து அப்பிக்கொண்டு, பல்லைக் கடித்து, சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணீர் ஓடின இடம் மட்டும் தடம் விட்டிருந்தது. இடது கன்னத்தில்தான் தடிமனாக வைத்திருந்தாள். அன்னக்கொடி வழித்தெடுத்தபோது தோலும் கூட வந்தது.

மோர் ஊற்றினாள், பாலாடை தடவினாள். கொப்புளம் அடங்கவில்லை. மறுநாள் வெள்ளனே செல்லப்பாண்டி மகளைக் குதிரையில் உட்காரவைத்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அன்னக்கொடி கூடவே நடந்தாள். நர்ஸம்மா களிம்பு தடவிக்கொண்டே, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள். "கஞ்சிப்பானை ஆவி அடிச்சிருச்சுங்க" என்றாள் அன்னக்கொடி. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொருக்கு உதிர்ந்த அன்றைக்குச் சோலை கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் மினுமினுவென்று புதுத்தோல். அத்தனை நாளுக்கப்புறம் பிள்ளை சிரித்தாள்.

"ஆத்தா, பாத்தியா. வந்திருச்சு."

அன்னக்கொடி அவளை நிழலுக்கு இழுத்தாள். "அது கொழுந்துத் தோலுடி. வெயிலு பட்டா முன்னைக்கு மேல கறுத்துக் கெடக்கும்."

"நீ சும்மா பயமுறுத்துற. நெத்திக்கும் இந்தக் கன்னத்துக்கும் வச்சிட்டா ஒண்ணுபோல ஆயிரும். எரிச்சலைத் தாங்கிக்கிருவேன்."

"கறுப்பா இருந்தா என்னடி கேடு? நான் கறுப்பில்லையா? ஊரே கறுப்புத்தான்."

சோலை கண்ணாடியை மடியில் கவிழ்த்தாள். "படத்துல கறுப்பா ஒரு பிள்ளை வந்துச்சே, அந்தச் செவத்தவளுக்குக் கூட்டாளியா. குடத்தோட சேத்துல விழுந்துச்சே."

"ஆமா."

"அது வந்து நின்னாலே ஆளுக சிரிச்சாக. அய்யா சிரிச்சாரு. நீயுந்தான் சிரிச்ச, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு. அதுக்கு என் மொகம் மாதிரியே மொகம், ஆத்தா."

அன்னக்கொடிக்கு ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தாள். அந்தப் பெண் எழுந்து மறுபடி வழுக்கி விழுந்தபோது இன்னும் சிரித்திருந்தாள்.

"அது சினிமாடி" என்றாள்.

சோலை மறுபடியும் கண்ணாடியை நிமிர்த்தினாள்.

அன்னக்கொடி பரணில் ஏறி விதைப்பூண்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ராக்காயியிடம் போனாள்.

"கொஞ்ச நாளைக்கு இது உன் வீட்டுல இருக்கட்டும் மதினி."

ராக்காயி வாயில் கை வைத்தாள். "எங்க பரணே நெறஞ்சு கெடக்கு, இதை எங்கிட்டு வைக்க? அப்படியே வச்சாலும் உன் மக கேட்டா நான் இல்லைன்னா சொல்லுவேன்? பூண்டை ஒளிக்கிற ஊரா இது?"

சுமையோடு திரும்பி வந்தபோது சோலை அம்மியடியில் இருந்தாள். நாலு பல் உரித்துவைத்திருந்தாள். அன்னக்கொடி அதைப் பிடுங்கவில்லை. இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்குத் தான் காட்டுக்குப் போகும்வரை பிள்ளை காத்திருப்பாள்.

"தள்ளு" என்றாள். "நான் வச்சுவிடுறேன். நான் இல்லாதப்போ கையை வைக்கப்படாது. சத்தியம் பண்ணு."

மகள் சத்தியம் பண்ணினாள். அன்னக்கொடி ஒரே ஒரு பல்லை நசுக்கி, பெரிய உருண்டை வெண்ணெயில் காரம் தெரியாதபடி குழைத்தாள். சோலை கண்ணை மூடி, சாமி முன்னால் நிற்கிற மாதிரி, முகத்தைத் தூக்கிக் காட்டினாள். அந்த நெற்றியில் அன்னக்கொடியின் விரல் மெதுவாகப் போய்வந்தது.

"எரியவே இல்லையே ஆத்தா" என்றாள் மகள். "இன்னும் கொஞ்சம் வை."