சுங்கை ரோட்டு ஆம்ப்பும் அக்கா கல்யாணமும்

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப் தேடி சிங்கப்பூர் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அப்படிப் போய், மானம் போய்த் திரும்ப இருந்த கதை ஒன்று இருக்கிறது.

எனக்கு ஊர், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் மலேசியாவின் ஜொகூர் பாரு. ஞாயிற்றுக்கிழமை ரீட்டா அக்காவுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்து மண்டபத்துக்குள் நடந்து வரும்போது நான் கிட்டார் வாசிப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை என் ஆம்ப் உயிரை விட்டது. "நீ வாசிக்கலன்னா நான் வாசல்லயே நின்னுடுவேன்" என்றாள் அக்கா. சொன்னால் செய்கிறவள்.

கையில் எண்பது வெள்ளி, சிங்கப்பூர் டாலர். சனிக்கிழமை காலை கிட்டாரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எல்லையில் குடிநுழைவு வரிசையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் குவீன் ஸ்ட்ரீட் பஸ் நிலையம். அங்கிருந்து சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை பத்து நிமிட நடை. தஞ்சோங் பகாரிலிருந்து நண்பன் லூர்து வந்து காத்திருந்தான்.

சந்தையில் கடை என்றால் தரையில் விரித்த தார்ப்பாய்தான், மின்சாரம் கிடையாது. பொருளைச் சோதிக்க எதிர்க் காப்பிக்கடைக்குத் தூக்கிப்போய், ஒரு கோப்பி சொல்லிவிட்டு, விசிறி சொருகியிருக்கும் பாயின்ட்டைக் கெஞ்சி வாங்க வேண்டும். எனக்கோ அவசரம். சின்ன அமெரிக்க ஆம்ப் ஒன்றைப் பார்த்ததும் நாற்பது வெள்ளியை முதலில் நீட்டிவிட்டேன். பிறகுதான் காப்பிக்கடை. சொருகினேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து, 'டப்' என்று அணைந்தது. கருகல் வாடை வேறு.

லூர்து பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"டேய், ஆம்ப்பு அமெரிக்கா, பிளக்கு மட்டும் நம்ம ஊர் மூணு பின்னுலா! நூத்திப்பத்து வோல்ட் சாமான் இது, நம்ம கரண்டு அதுக்கு ரெண்டு மடங்கு!"

கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் ஆம்ப்புக்கு யாரோ அமெரிக்கத் தட்டைப் பிளக்கை வெட்டிவிட்டு நம் பிளக்கை மாட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பிளக்கு என்றதும் நானும் நம்பிவிட்டேன்.

பக்கத்துத் தேக்கா வட்டாரத்தில் ஒரு ரேடியோக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் சாமி அண்ணன் மூடியைத் திறந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா மண்டப வாசலில் நிற்பது என் கண்ணில் நாலு முறை வந்து போனது.

"பியூஸும் பல்பும்தாம்பா போச்சு. கெப்பாசிட்டர் பழசாகி வீங்கியிருக்கு, மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

அப்பாடா! அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் பதினைந்து வெள்ளி. பியூஸ், பல்போடு வீங்கிய கெப்பாசிட்டர்களையும் மாற்றி, எர்த் ஒயர் இழுக்க இருபது. மாலைக்குள் வேலை முடிந்தது. கிட்டாரை மாட்டி ஒரு தட்டுத் தட்டியதும் இரைச்சலே இல்லாமல் தேன் மாதிரி சத்தம். மீதி ஐந்து வெள்ளியில் கோப்பியும் ரொட்டி பிராட்டாவும் போக வர பஸ்ஸும்.

நீங்கள் வாங்குவதானால் பிளக்கைப் பார்க்காதீர்கள், பின்னால் அச்சடித்திருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். சோதித்த பிறகு பணத்தைக் கொடுங்கள். மூடியை நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மண்டபத்துக்குள் வந்தாள். நானும் வாசித்தேன். அந்தக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அக்காவும் நானும் மட்டும், புகை வருகிறதா என்று ஆம்ப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.