வளைவுக்கு வளைவு இறங்கிய மேசை

காலை ஆறு நாற்பது. மாதா கோயில் வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மேசை. மேசைமேல் நீளமான கொப்பி, அது பறக்காதிருக்க ஒரு கல். பின்னால், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டக் கங்காணி.

"எதுல வந்தீங்க?" என்றார். நிருபராக இருந்த காலம் முழுவதும் கேள்வி கேட்டது நான். வாசலில் நிறுத்தி என்னை யாரும் கேட்டதில்லை.

"மோட்டார் சைக்கிள்ல."

"பெற்றோலா?"

"தண்ணியிலயா ஓடும்?"

"தண்ணி பெறகு வருது," என்றபடி என் பெயருக்கு நேரே 'ஒரு கேன்' என்று எழுதினார்.

அன்று தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அதற்கு முந்தைய வாரம் எங்கள் பங்குத்தந்தை பதுளையில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்திருந்தார். எண்ணெய் எரிப்பதற்குப் போடும் காபன் வரி பற்றித் திருச்சபை அரசாங்கத்திடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறார்கள், ஒவ்வொரு பங்கும் தன் கருத்தை எழுதித் தரவேண்டும். எங்கள் பாதர் மன்னார்க்காரர். செய்து பார்க்காத விஷயத்தில் கருத்துச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. "மற்றவைக்குச் சொல்ல முந்தி நாங்கள் ஒருக்கா கட்டிப் பாப்பம்," என்றார்.

வரி பணமாக இல்லை. எண்ணெய் எரித்துக் கோயிலுக்கு வருகிறவர்கள் கீழே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து ஒரு கேன் தண்ணீர் பிடித்து, கோயிலுக்குப் பின்னால் மழையில் மண் சரிந்த இடத்தில் நட்ட மரக்கன்றுகளுக்கு ஊற்ற வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆறு ஞாயிறு இப்படி.

கொப்பியைக் கங்காணியிடம் கொடுத்தபோது, கொடுப்பது யாரிடம் என்று பாதருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. அந்த மனிதர் ஒரு வாழ்நாள் முழுக்க விடியற்காலையில், தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் எடுத்தவர். ஜனங்களும் அவர் கண்ணில் படாமல் பிந்தி வந்து வரிசையில் நுழையப் பழகியவர்கள்.

தொழிலாளர் லயங்கள் இருக்கும் கீழ் டிவிஷன் மூன்று மைல் தூரம். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. ஓர் ஆட்டோதான் நாலு தடவை ஏறி இறங்கி ஆட்களைக் கொண்டுவரும். ஆட்டோக்காரர் இந்து. கண்ணாடிக்கு மேலே முருகனும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். வாரத்தில் அவருக்கு நிச்சயமான ஓட்டம் அந்த நாலுதான். வீட்டில் அடுப்பு அதை நம்பியிருந்தது.

முதல் ஞாயிறே, முழங்கால் வலியுள்ள ஓர் அக்கா கேனைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு நின்றார். "ஆறு நாளு மலையில கூடை தூக்குறேன். ஏழாவது நாளு கடவுளே ஓய்வெடுத்தாரு. எனக்குக் கேனா?"

"கடவுள் ஆட்டோவுல வரலம்மா," என்றார் கங்காணி, தலை நிமிராமல்.

இரண்டாம் ஞாயிறு கீழ் டிவிஷன்காரர் எல்லோரும் நடந்து வந்தார்கள். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. கங்காணி அவர்களுடைய செருப்புகளைப் பார்த்தார். சேறு இல்லை. கோயிலுக்குக் கீழே, கண்ணுக்கு மறைவான வளைவில் ஆட்டோ நின்றிருந்தது.

மூன்றாம் ஞாயிறு மேசை அந்த வளைவில் இருந்தது. ஆட்டோ அடுத்த வளைவில், மாரியம்மன் கோயிலடியில் நின்றது. நான்காம் ஞாயிறு மேசை மாரியம்மன் கோயிலடியில். பூசாரி பால் விடாத பிளேன்ரீ கொடுத்து உபசரித்தாராம். ஆட்டோ இன்னும் கீழே போனது. ஐந்தாம் ஞாயிறு மேசை லயத்து முனைக்கே வந்துவிட்டது. அதற்குக் கீழே வளைவு இல்லை.

அன்று ஒருவரும் ஆட்டோவில் ஏறவில்லை. கேனைவிட, மறுபடி அந்த மனிதரின் கொப்பியில் விழுவதுதான் அவர்களுக்குக் கசந்தது. மூன்று மைலும் நடந்தார்கள். பூசை முக்கால் மணி பிந்தியது. வரி கட்ட ஓரிருவரே மிஞ்சியதால் கன்றுகள் காய்ந்தன.

கோயில் முற்றத்தில் ஆட்டோக்காரரிடம், மேசையை அவ்வளவு தூரம் இறக்கியது யார் என்று கேட்டேன்.

"நான்தாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை என் ஆட்டோவுலதான் ஏத்துவாரு. ஐயா கேட்டா மாட்டேன்னா சொல்ல முடியும்?"

"அதுக்கு வரி?"

"தன் பேருல ஒரு கேன் எழுதிக்கிட்டாருங்க. ஊத்தவும் ஊத்தினாரு." சிரித்தார். பிறகு, "இப்படியே போனா ஆட்டோவை வித்துட்டு நானும் நடக்க வேண்டியதுதான்," என்றார். அதற்குச் சிரிக்கவில்லை.

ஆறாம் ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம். பாதர் உற்சாகமாக இருந்தார். போன கிழமை ஒருவர்கூட ஆட்டோவில் வரவில்லை, வரி வேலை செய்கிறது என்றார். எங்கள் பங்கு காபன் வரியை முழுமனதாக வரவேற்கிறது என்று எழுதியதை வாசித்தார். ஆட்டோக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றிருந்தார்.

"பாதர், நான் உங்க கோயில் ஆளு இல்ல. ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"நீங்க இன்னைக்கு எதுல வந்தீங்க?"

பாதர் வேறொரு தோட்டத்தில் முதல் பூசை வைத்துவிட்டு ஜீப்பில் வருகிறவர். கங்காணி எழுந்து கொப்பியைப் பிரித்தார்.

"ஜீப்பு. ஆறு ஞாயிறு, ஆறு கேன். போற வழியில சாமி எனக்குக் கை காட்டிட்டுப் போவாரு, நான் எழுதிக்குவேன். பூசைக்குப் போற ஆளை மறிக்கக் கூடாதேன்னு சொல்லல."

முதலில் சிரித்தது முழங்கால் வலி அக்கா. "வாங்க சாமி, பீலிக்கு வழி காட்டுறேன்!"

பாதர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். மூன்றாவது கேனில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் உதவிக்குக் கை நீட்டினார், பாதர் கேனைத் தரவில்லை. "தம்பி, பஸ் இருந்தா நீங்கள் என்ன செய்வியள்?" என்று மட்டும் கேட்டார்.

"பஸ் போகாத லயத்துக்கு ஓட்டுவேன். பஸ்ஸும் இல்லாம நிறுத்தச் சொன்னா எங்க போறது பாதர்?"

வரவேற்கிறோம் என்ற வரியை அடிக்காமல், கீழே இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னார். எழுதியது நான். பஸ் இல்லாத பாதையில் முதலில் பஸ், பிறகு வரி. நாலு பேரை ஏற்றும் ஆட்டோவையும் ஒருவரை ஏற்றும் ஜீப்பையும் ஒரே நிறையாக நிறுக்கக் கூடாது. ஈரக் கையோடு பாதர் கையெழுத்திட்டார். மை கொஞ்சம் பரவியது.

கடிதம் திங்கட்கிழமை பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் இன்னும் வரவில்லை. லயத்து முனையிலிருந்து ஆட்டோ பழையபடி ஆறேகாலுக்குப் புறப்படுகிறது.